ஸ்டோன்ஹெஞ்ச்: டூர் கோச்சில் ஒரு தடவை, சாலிஸ்பரி பஸ்ஸில் ஒரு தடவை

இங்கிலாந்தின் சவுத்தாம்டனுக்குப் படிக்க வந்த இந்த ஒரு வருடத்தில், பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு இரண்டு தடவை போய்விட்டேன். அக்டோபரில் போனது, ஒரே நாளில் மூன்று ஊர் காட்டும் டூர் கோச்சில். ஏப்ரலில் நானாகவே ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போனேன். அடுத்து இங்கே படிக்க வருகிறவர்கள் முதல் தடவையே சரியாகப் போய்வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோச் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி 8.50க்கு வந்தது. அந்தத் தாமதத்தை மற்ற இரண்டு ஊர்களான வின்ட்சரிலோ பாத்திலோ கழிக்காமல் ஸ்டோன்ஹெஞ்சில் கழித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது 65 நிமிடம். பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. ஷட்டில் பஸ்ஸுக்குப் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. கற்களுக்கு எதிரே நின்றது இருபதே நிமிடம். வழிகாட்டி, இதைக் கட்டியவர்கள் பழைய கெல்டிக் மக்களின் ட்ரூயிட் பூசாரிகள் என்று சொல்லிக்கொண்டே போனார். பெரிய கற்களை நிறுத்தியது கி.மு. 2500 வாக்கில்; ட்ரூயிட்களைப் பற்றிய பேச்சு அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகுதான் வருகிறது. காசு கொடுத்து வந்தவர்களிடம் இதையாவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஏப்ரல் பயணம் வேறு மாதிரி. சவுத்தாம்டன் சென்ட்ரலிலிருந்து சாலிஸ்பரிக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 16-25 ரயில்கார்டு என்ற இளைஞர் சலுகை அட்டை இருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். சாலிஸ்பரி ஸ்டேஷன் வாசலிலேயே ஸ்டோன்ஹெஞ்ச் டூர் பஸ் நிற்கும். மாடியில் முன்சீட்டைப் பிடித்துவிட்டால் வழியெல்லாம் பச்சை மேடுகள்தான். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் விலை குறைவு, மாணவர் அட்டைக்கும் சலுகை உண்டு. அட்டையை மறக்காமல் கையில் வைத்திருங்கள்.

ஷட்டிலில் பாதி வழியிலேயே இறங்கி வயல்வெளியில் நடந்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். சுற்றிலும் வெண்கலக் கால ஈமக்குழி மேடுகள், இடையில் மேயும் ஆடுகள். முதலில் கற்கள் சின்னதாகத்தான் தெரியும். நடக்க நடக்கத்தான் எழும்பி வரும்.

அப்பா தச்சுவேலை செய்பவர். நிலைக்கதவு வேலையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இரண்டு கால், மேலே ஒரு கட்டை. காலின் தலையில் முளை, மேல்கட்டையில் அதற்குச் சரியாகத் துளை. ஸ்டோன்ஹெஞ்சில் பாதை தென்மேற்குப் பக்கம் வளையும் இடத்தில் நின்று உள்ளே பாருங்கள். தனியாக ஒரு உயரமான கல், தரைக்கு மேலேயே ஆறரை மீட்டருக்கு மேல். அதன் ஜோடிக் கல் விழுந்துவிட்டது, மேலே இருந்த குறுக்குக் கல்லும் கீழே கிடக்கிறது. அதனால் நிற்கும் கல்லின் உச்சி திறந்து தெரிகிறது. அந்த உச்சியில் உருண்டையாக ஒரு முளை! கல்லிலேயே செதுக்கியது. போன தடவை அவசரத்தில் இதைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

உடனே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். "பாப்பா, இன்னும் கிட்டக் காட்டு," என்றார். கயிறு கட்டியிருக்கிறார்கள், தாண்ட முடியாது என்றதும் ஜூம் செய்யச் சொன்னார். பார்த்துவிட்டு, "நிலைக்குப் போடுற முளையேதான். கல்லுலயா போட்டான்?" என்றார். வெளிவட்டத்தின் குறுக்குக் கற்களில் பக்கவாட்டிலும் நாக்கும் காடியும் வெட்டி ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள், வட்டத்துக்கு ஏற்றபடி லேசாக வளைத்தும் இருக்கிறார்கள் என்று படித்ததைச் சொன்னேன். அப்பா கேட்ட அடுத்த கேள்வி: "உளி என்ன உளி?" இரும்பே இல்லாத காலம் அப்பா, கல்லைக் கல்லால் தட்டித் தட்டித்தான் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பெரிய கல் ஒன்று சராசரி 25 டன். அவை வந்தது 25 கிலோமீட்டர் வடக்கே வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து. சின்ன நீலக்கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து, ஏறத்தாழ 240 கிலோமீட்டர். நடுவில் கிடக்கும் பலிபீடக் கல்லோ ஸ்காட்லாந்தின் வடகிழக்கைச் சேர்ந்தது என்று 2024இல்தான் கண்டுபிடித்தார்கள்.

மையத்துக்கு வெளியே அந்தக் காலத்து வீடுகளை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் குழைத்த சுவர், வைக்கோல் கூரை, நடுவில் அடுப்பு. குனிந்து உள்ளே போய் உட்காருங்கள், காற்றும் அடங்கும். ஆச்சி வீட்டுக் கூரைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது எனக்கு. டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை அப்புறம் வெளியே பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டேன். கபேயில் விலை அதிகம், சாப்பாடு கொண்டுபோவதே நல்லது. ஏப்ரலிலும் காற்று எலும்பைத் துளைக்கிறது, கோட்டு கட்டாயம்.

திரும்பும் பஸ், பழைய சாலிஸ்பரி இருந்த இடமான ஓல்ட் சாரமில் நிற்கும். புல்லில் பழைய தேவாலயத்தின் அடித்தளம் மட்டும் தெரியும். அரை மணி போதும். சாலிஸ்பரி தேவாலயத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்: 123 மீட்டர் கோபுரம், இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு சாசனமான மேக்னா கார்ட்டாவின் மூலப்படி ஒன்று.

கோச்சுக்கு ஐந்துக்கு ஒன்று. சாலிஸ்பரி பஸ்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து, கற்களிடம் மூன்று மணி நேரம் நிற்க விட்டதற்காகவே. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பட்டமளிப்புக்கு அப்பா வருகிறார். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "அந்த முளைக்கல்லுக்கு" என்றார்.