128 ஜிபி என்று சொல்லி 8 ஜிபி பிளேயரைத் தலையில் கட்டிவிட்டார்கள்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்தால் அதற்குள் இன்னும் எத்தனை பேர் ஏமாறுவார்களோ தெரியாது. பாட்டும் வீடியோவும் ஓடும் சின்ன பிளேயர் ஒன்று வாங்கினேன். ஒரு வாரச் சம்பளம் போய்விட்டது. தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, மேல்முறையீடு செய்யப் போகிறேன். பல நாட்டு விற்பனையாளர்கள் கடை விரித்திருக்கும் பெரிய ஆன்லைன் சந்தை. அதில் மின்னணுச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு கடை. இது போதும்.

வாங்கியது அம்மாவுக்காக. போனில் பாட்டுக் கேட்கும்போது நடுவில் அழைப்பு வரும், விளம்பரம் வரும், எதையோ தொட்டு எங்கேயோ போய்விடும். பட்டனை அழுத்தினால் பாட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. விலையும் கைக்கு அடங்க வேண்டும். ஆப்பிளே 2022இல் ஐபாடை நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் பெரிய பெயர்களின் பிளேயர்கள் என் பட்ஜெட்டுக்கு எட்டாது. மலிவு வரிசையில் தேடினால் கேள்விப்படாத பெயர்கள்தான் பக்கம் பக்கமாக வரும்.

அந்தக் கடையை ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் நம்புவீர்கள். ஆயிரக்கணக்கில் விமர்சனங்கள், கிட்டத்தட்ட ஐந்து நட்சத்திரம். தளமே கொடுத்த 'நம்பகமான விற்பனையாளர்' முத்திரை. அதற்கு மேலும் நான் கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டேன்: 128 ஜிபி என்பது உள்ளேயே இருக்கும் சேமிப்பா, இல்லை மெமரி கார்டு போட்டால் அவ்வளவு வருமா? சில நிமிடத்தில் பதில். "உள்ளேயே இருப்பது, நண்பரே. வயதானவர்கள் பயன்படுத்த மிகவும் எளிது. அம்மாவுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்." அம்மாவுக்கு என்று நான் சொன்னதைக் கவனித்துப் பதில் எழுதியிருக்கிறாரே என்று அந்த இடத்தில்தான் மனம் விழுந்தது. உடனே பணம் கட்டிவிட்டேன்.

பெட்டி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கணினியில் செருகினால் 119 ஜிபி காட்டியது. 128 ஜிபி சாதனத்தை விண்டோஸ் அப்படித்தான் காட்டும், அது கணக்கிடும் முறை வேறு. அதனால் சந்தேகமே வரவில்லை. அம்மா கேட்கும் பழைய பாடல்கள், கச்சேரிகள், சொற்பொழிவுகள் என்று நாள்கணக்கில் தேடிச் சேர்த்து ஏற்றினேன். ஒரு பிழைச் செய்தி கூட இல்லாமல் எல்லாம் ஏறியது.

அப்புறம்தான் அம்மா சொன்னார், பாட்டு பாதியில் கரகரவென்று போய் நின்றுவிடுகிறது என்று. சில பாடல்களின் பெயர் திரையில் இருக்கிறது, தொட்டால் சத்தமே இல்லை. ஒன்றைப் போட்டால் நடுவில் வேறொரு பாட்டின் துண்டு வருகிறது.

காரணம் இதுதான். உள்ளே இருப்பது 8 ஜிபி சிப். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி, கணினியிடம் 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். 8 ஜிபி நிறைந்ததும், அடுத்து ஏற்றுவதெல்லாம் பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்படுகிறது, அல்லது எங்குமே எழுதப்படாமல் தொலைகிறது. நிறைந்த குடத்தில் ஊற்றினால் தண்ணீர் வழிவதாவது கண்ணுக்குத் தெரியும். இதில் அதுவும் தெரியாது. கோப்பின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. நல்ல தரத்தில் உள்ள ஐந்து நிமிட எம்பி3 பாட்டு ஒன்று சுமார் 12 எம்பி. 128 ஜிபியில் பத்தாயிரம் பாட்டுப் பிடிக்கும். எனக்குக் கிடைத்ததில் அறுநூறு சொச்சம்.

வீடியோ இதைவிட மோசம். 'எல்லா வடிவமும் ஓடும், முழு எச்டி' என்று விளம்பரம். எம்பி4 கோப்பைப் போட்டால் 'ஆதரவு இல்லை' என்கிறது. அவர்கள் கொடுத்த மென்பொருளில் ஒவ்வொன்றையும் ஏஎம்வி என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டுமாம். மாற்றினால் 160க்கு 120 புள்ளி அளவில், விட்டு விட்டு ஓடும் ஒரு மங்கல் படம். முகம் கூடத் தெரியவில்லை. 'எம்பி4 பிளேயர்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பது வெறும் விற்பனைப் பெயர். அது எம்பி4 கோப்பை ஓட்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, பொருள் பழுது, கேட்டால் மாற்றித் தருவார்கள் என்று கடைக்காரருக்கு எழுதினேன். வாங்குவதற்கு முன் நிமிடத்தில் வந்த பதில் இப்போது ஒரு முழு நாள் கழித்து வருகிறது. ஃபார்மட் செய்து பாருங்கள் என்றார். செய்தேன், அப்படியேதான் இருந்தது. உங்கள் யுஎஸ்பி கேபிள் சரியில்லை, வேறு மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றார். அனுப்பினால், தெளிவாக இல்லை, மறுபடி எடுங்கள். பொறியாளரிடம் கேட்டிருக்கிறோம், பொறுமையாக இருங்கள், உங்கள் திருப்திதான் எங்களுக்கு மகிழ்ச்சி. ஒவ்வொரு பதிலிலும் இந்த மகிழ்ச்சி வரி தவறாமல் இருந்தது. கடைசியில், விலையில் பத்து சதவீதம் திருப்பித் தருகிறோம், ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். நான் இழந்தது ஒரு வாரச் சம்பளம், அதில் பத்தில் ஒரு பங்குக்கு நான் பொய் விமர்சனம் எழுத வேண்டுமாம்! மறுத்துவிட்டேன்.

இந்த இழுத்தடிப்பு எதற்கு என்று பிறகுதான் விளங்கியது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. முடிந்த மறுநாளிலிருந்து கடைக்காரர் பதிலே போடவில்லை.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் முதலில் ஒரு தானியங்கி அரட்டை. 'உங்கள் பொருள் வழங்கப்பட்டுவிட்டது' என்பதையே சுற்றிச் சுற்றிச் சொன்னது. ஒரு மனிதரைப் பிடித்தபோது அவர் சொன்னார்: கெடு முடிந்துவிட்டது, நீங்கள் அனுப்பிய படத்திலேயே 119 ஜிபி என்றுதானே இருக்கிறது. மோசடியே அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று விளக்கினேன். குறித்துக்கொண்டேன் என்றார். அடுத்து இன்னொருவர் வந்தார், அவரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. விதிவிலக்காக வேண்டுமானால் உங்கள் செலவில் விற்பனையாளரின் நாட்டுக்குத் திருப்பி அனுப்பிப் பாருங்கள் என்றார். அந்தக் கூரியர் கட்டணம் பிளேயரின் விலையைத் தாண்டுகிறது. ஒரு வாரச் சம்பளத்தை மீட்க அதற்கு மேல் செலவு செய்யச் சொல்கிறார்கள். நேற்று 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. என்ன தீர்த்தார்கள்?

நான் நம்பிய விமர்சனங்களைப் போய்ப் பார்த்தேன். பழையவற்றைத் தேடிப் படித்தால் பாதிக்கு மேல் போன் உறையைப் பற்றி! 'நிறம் அருமை, என் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று எழுதியிருக்கிறார்கள். வேறொரு பொருளின் பக்கத்தை அப்படியே மாற்றி, அதன் நட்சத்திரங்களோடு இந்தப் பிளேயரை விற்றிருக்கிறார்கள்.

பிளேயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போதைக்கு முக்கியமானவை மட்டும். பொருள் கைக்கு வந்த அன்றே முழுக் கொள்ளளவையும் நிரப்பிச் சோதியுங்கள். அதற்கென்றே மென்பொருள்கள் உண்டு: விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3), இரண்டும் இலவசம். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். தவறு தெரிந்தால் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்காதீர்கள், நேராகத் தளத்தில் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் போடுங்கள். மலிவில் வாங்குவதென்றால் உள் சேமிப்பு குறைவாக, கார்டு போடும் இடம் உள்ளதாகப் பார்த்து, கார்டை நம்பகமான இடத்தில் தனியாக வாங்குங்கள். எவ்வளவு பெரிய கார்டு ஏற்கும் என்று முன்பே பாருங்கள், 32 ஜிபிக்கு மேல் எடுக்காதவை உண்டு. விமர்சனங்களில் பழையதைப் படியுங்கள். எந்த வீடியோ வடிவம், எந்த அளவு வரை என்று எண்ணோடு போடாத விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

இன்று காலை பார்த்தேன். அதே படம், அதே வாசகம், கடைக்கு மட்டும் புதுப் பெயர். இப்போது 256 ஜிபி என்று போட்டிருக்கிறார்கள்.