ஆண்டு ஊதிய உயர்வும் களஞ்சியமும்: ஓர் அரசு ஊழியரின் மதிப்பீடு

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஒரு முறை அடிப்படை ஊதியம் ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. தண்டனையாக நிறுத்தி வைக்கப்பட்டாலன்றி, அது இயல்பாகவே வழங்கப்பட வேண்டும் என்பதுதான் அரசுப் பணியின் நிபந்தனைகளை வகுக்கும் அடிப்படை விதிகளின் 24-ஆம் விதி சொல்வது. இந்த உரிமை ஊழியரின் கைக்கு வந்து சேரும் வழியாக இப்போது இருப்பது, பேச்சு வழக்கில் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்றும் அரசின் பெயர்ப்படி களஞ்சியம் என்றும் அழைக்கப்படும், சம்பளப் பட்டியலையும் பணிப்பதிவேட்டையும் கையாளும் கணினி ஏற்பாடு. அதை இந்த ஒரு பயனை மட்டும் வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

தொகை பெரிதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் திருத்திய ஊதிய விதிகளின்படி இளநிலை உதவியாளர் 19,500 ரூபாயில் பணியைத் தொடங்குகிறார். முதல் உயர்வில் அது 20,100 ஆகிறது. அகவிலைப்படி 55 விழுக்காடாக இருந்தபோது இந்த 600 ரூபாய்க்கு 330 ரூபாய் கூடச் சேர்ந்தது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த 930 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு பிடித்தம் போக, கையில் மிஞ்சியது 837 ரூபாய். ஆனால் இந்த உயர்வு ஒரு மாதத்துக்கானது அன்று. இனி வரும் ஒவ்வோர் உயர்வும், எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பெறும் பணமும், கடைசியில் ஓய்வுக்காலப் பயன்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. ஓர் உயர்வு தவறினால் அது பணிக்காலம் முழுவதும் உடன் வரும்.

அப்படித் தவறிய அனுபவம் எனக்கு உண்டு. பணிப்பதிவேடு பேனாவால் எழுதப்பட்ட காலத்தில், நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், மருத்துவச் சான்றின் பேரில் நான் எடுத்திருந்த 45 நாள் ஈட்டா விடுப்பை, அதற்குரிய சம்பளம் வழங்கப்பட்டிருந்தும், உயர்வுக்குரிய பணிக்காலத்தில் சேராத ஊதியமில்லா விடுப்பு என்று கணக்கிட்டுவிட்டார்கள். நம் மாநிலத்தில் உயர்வு நாள் எந்தக் காலாண்டில் விழுகிறதோ அந்தக் காலாண்டின் முதல் நாளிலேயே, அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் ஒன்றில், உயர்வு வழங்கப்படுகிறது. மே மாதத்தின் பிற்பாதியில் பணியில் சேர்ந்த எனக்கு ஏப்ரலில் வர வேண்டியது, அந்த 45 நாளால் ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, பதிவேட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தவறைத் தம் கையால் திருத்தி, நிலுவைப் பட்டியலும் போட்டுக் கொடுத்தார்; அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது களஞ்சியத்தின் முதல் சிறப்பு, பதிவேடு மின்னணு வடிவம் பெற்றதுதான். முன்பு இரும்பு அலமாரிக்குள் இருந்த தகவலில் ஒரு பகுதியாவது இப்போது ஊழியரின் கைப்பேசியில் இருக்கிறது. சம்பளச் சீட்டைக் கேட்டு எவர் மேசைக்கும் போக வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலைத் துவக்குபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் அளிப்பவர் என மூவரின் கண் படுவதால், ஒருவரின் கவனக்குறைவு அப்படியே கருவூலம் வரை போய்விடாமல் தடுக்க வழி இருக்கிறது.

ஆயினும் கணினி அறிவது, அதில் ஏற்றப்பட்டதை மட்டுமே. பழைய பதிவேட்டிலிருந்து ஒரு விடுப்பு தவறாக ஏறியிருந்தால், அந்தத் தவறும் மூன்று ஒப்புதல்களையும் பெற்று, முன்பைவிட உறுதியானதாகத் தோற்றமளிக்கும். எனவே என் முதன்மையான எதிர்பார்ப்பு இது: சம்பளச் சீட்டில் புதிய அடிப்படை ஊதியத்தோடு, அடுத்த உயர்வு நாள் எது, எந்த விடுப்பால் அது தள்ளிப்போகிறது என்பதும் ஒரு வரியில் அச்சாக வேண்டும். உயர்வு நிறுத்தப்பட்டிருந்தால், எந்த ஆணையால், எத்தனை காலத்துக்கு, பின்வரும் உயர்வுகளையும் அது பாதிக்குமா என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் குறைந்த சம்பளம் வாங்குவது, தொகையைவிட அதிகமாக மனத்தை வருத்துகிறது.

ஓய்வு பெறுவோருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஓராண்டு முழுவதும் உழைத்து முடித்து, உயர்வு நாளுக்கு முந்தைய நாள் ஓய்வு பெறுபவருக்கும் அந்த ஆண்டின் உயர்வு உரியதே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரலில், கர்நாடக மின் பரிமாற்றக் கழக ஊழியர்களின் வழக்கில், அதே கருத்தை ஏற்றது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாளில் ஓய்வு பெற இருப்பவர்கள், ஓய்வூதியக் கருத்துரு அனுப்பப்படும் முன்பே தம் உயர்வு நாளைச் சம்பளப் பட்டியல் எழுத்தரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது. மற்றவர்கள், தமக்குரிய காலாண்டு தொடங்கும் மாதத்தின் சம்பளச் சீட்டில், பழைய அடிப்படை ஊதியத்தையும் புதியதையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.