வைஃபை, கிராஃபிக்ஸ், பிரிண்டர்: எந்த டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

விண்டோஸைப் புதிதாக ஏற்றி முடித்ததும் வைஃபை சின்னத்தையே காணோம். கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள். டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள். இந்த நிலையில் பலரும் "டிரைவர் டவுன்லோட்" என்று தேடி, முதலில் கண்ணில் படும் பெரிய பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரைவர் கிடைக்கும் இடங்கள் நான்கு: விண்டோஸ் அப்டேட், லேப்டாப் கம்பெனியின் தளம், உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரித்தவரின் தளம், எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருவதாகச் சொல்லும் டிரைவர் அப்டேட்டர்கள். எது நல்லது என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. கிராஃபிக்ஸுக்குச் சரியான இடம் டச்பேடுக்குத் தப்பான இடமாக இருக்கும். நான்காவதை மட்டும் வீட்டுக் கணினிக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், டிரைவர்தான் பிரச்சினையா?

டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் விழுந்த சாதனத்தை இரட்டைக் கிளிக் செய்தால் ஓர் எரர் எண் தெரியும். 28 என்றால் டிரைவரே இல்லை. இருப்பதிலேயே எளிதான நோய் இதுதான். 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் கிளம்ப மறுக்கிறது. 43 என்றால் சாதனமே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. 28-க்கு மட்டும்தான் "டிரைவர் போட்டால் சரியாகிவிடும்" என்று துணிந்து சொல்லலாம். 43-க்கு நாலு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய. கேபிளோ போர்டோ போயிருந்தால் எந்த டிரைவரும் உதவாது.

இதைப் பிரித்தறிய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மிண்டைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைக் கிளப்புங்கள். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அங்கே வைஃபை வேலை செய்தால் வன்பொருள் நலம், கோளாறு விண்டோஸ் பக்கம்தான் என்று தெரிந்துவிடும். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். சில பிராட்காம் வைஃபை சிப்களுக்கு லினக்ஸிலும் டிரைவரைத் தனியாகத்தான் போட வேண்டும்.

அடுத்து, அந்தச் சாதனம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். "அன்நோன் டிவைஸ்" என்று பெயரில்லாமல் நின்றாலும், அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். அதில் "வென்" என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். 8086 இன்டெல், 1978-இல் அவர்கள் வெளியிட்ட பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக். லேப்டாப்பின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது யார் என்று இந்த நான்கு எழுத்துகள் சொல்லிவிடும்.

விண்டோஸ் அப்டேட்

லேன், வைஃபை, புளூடூத், வெப்கேம் ஆகியவற்றுக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான். மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்றவை மட்டுமே இங்கே வருகின்றன. ஆனால் தானாக வருவதோடு விஷயம் முடிவதில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று உள்ளே போனால் டிரைவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கும். 28 காட்டிக்கொண்டிருக்கும் சாதனத்துக்கான டிரைவர் அங்கே காத்துக்கொண்டிருப்பதைப் பலரும் பார்ப்பதில்லை.

வைஃபை டிரைவரே இல்லாதபோது விண்டோஸ் அப்டேட்டுக்கு எப்படிப் போவது? ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஃபோனில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, ஃபோனின் இணையம் கணினிக்கு வந்துவிடும். ஐஃபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் தேவைப்படும் என்பதால் இந்த நேரத்தில் ஆண்ட்ராய்டுதான் கைகொடுக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்கள் உண்டு, அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. "ஃபோனைக் கணினி கண்டுகொள்ளவில்லை, டிரைவர் வேண்டும்" என்று வருபவர்களிடம் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொல்வேன்.

விண்டோஸ் அப்டேட் சறுக்கும் இடம் கிராஃபிக்ஸ். நீங்கள் தேடிப் போட்ட புதிய ஏஎம்டி டிரைவரின் மேல் அது வேறொரு பதிப்பை ஏற்றிவிட, ஏஎம்டியின் கன்ட்ரோல் மென்பொருள் திறக்க மறுக்கும். அப்படி நடந்தால் டிவைஸ் மேனேஜரில் "ரோல் பேக் டிரைவர்" பொத்தான் இருக்கிறது. அது மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய பதிப்பு இல்லை என்று பொருள். புதிதாகத்தான் போட வேண்டும்.

லேப்டாப் கம்பெனியா, சிப் கம்பெனியா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கலாம். ஆனால் அது அந்த மாடலுக்கென்று சோதித்துப் பார்த்தது. ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். ரியல்டெக் சிப் ஒன்றுதான், அதோடு இணைந்த ஸ்பீக்கர், மைக், ஒலியைச் சீர்செய்யும் அமைப்புகள் எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு. பொதுவான ரியல்டெக் டிரைவரைப் போட்டால் சத்தம் வரும். ஆனால் தகரத்தில் தட்டியது போல இருக்கும், அல்லது ஹெட்ஃபோனைச் செருகினாலும் ஸ்பீக்கர் நிற்காது. டச்பேடின் பல விரல் சைகைகள், பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், விமானப் பயன்முறை விசை, கைரேகை வாசிப்பான் இவற்றுக்கும் அதே கதைதான். இவற்றுக்கு லேப்டாப் கம்பெனியை விட்டு வேறெங்கும் போகாதீர்கள். அங்கே போகும்போது மாடல் பெயரைத் தட்டித் தேடுவதைவிட, அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கொடுங்கள். ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்பில் ஒரு தொகுதிக்கு இன்டெல் வைஃபை, இன்னொன்றுக்கு ரியல்டெக் வைஃபை என்று மாற்றிப் போடுவது வழக்கம்.

கிராஃபிக்ஸுக்கு நிலைமை தலைகீழ். முன்பெல்லாம் இன்டெல்லின் பொது டிரைவரை லேப்டாப்பில் போடப் போனால், இந்தக் கணினிக்கு இது சரிபார்க்கப்படவில்லை என்று சொல்லி நிறுத்திவிடும். 2020-இல் இன்டெல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. இன்று இன்டெல், ஏஎம்டி, என்விடியா மூன்றுக்கும் நேராக அவரவர் தளத்துக்கே போகலாம். வீடியோ எடிட்டிங், விளையாட்டு என்று புழங்குபவர்களுக்கு லேப்டாப் தளத்தின் பழைய பதிப்பு போதாது. அதேசமயம், புதியது என்றாலே உங்கள் கார்டுக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்கு வழக்கமான கேம் ரெடி டிரைவர் வெளியீடுகளை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். அந்தக் கார்டு வைத்திருப்பவர் கடைசி எண்ணைத் தேடாமல், தன் மாடலைத் தேர்ந்தெடுத்து அதற்கென்று காட்டும் பதிப்பை இறக்க வேண்டும்.

இன்னொரு இடத்தில் லேப்டாப் தளம் உயிர்காக்கும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை பிராசசர் முதல் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸை ஏற்றப் போனால் டிஸ்க்கே இல்லை என்று காட்டும். எஸ்எஸ்டி போய்விட்டதென்று பயந்துவிடாதீர்கள். பயாஸில் (கணினி கிளம்பும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) டிஸ்க்குகளைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால், அதற்கான ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாமல் விண்டோஸ் நிறுவிக்கு டிஸ்க் தெரியவில்லை. வழிகள் இரண்டு. லேப்டாப் தளத்திலிருந்து அந்த டிரைவரை எடுத்து, பிரித்து, பென்டிரைவில் வைத்து "லோட் டிரைவர்" மூலம் கொடுப்பது ஒன்று. பயாஸில் விஎம்டியை அணைப்பது மற்றொன்று. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றுபவருக்கு இரண்டாவது சுலபம். ஆனால் உள்ளே ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அது உங்களுக்கு வேண்டும் என்றால் விஎம்டியில் கை வைக்காதீர்கள். பழைய விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும்.

அப்டேட்டர்களை ஏன் ஒதுக்குகிறேன்?

ஸ்கேன் முடிந்ததும் "உங்கள் டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன" என்று சிவப்பில் ஒரு பட்டியல் நீளும். அதில் 2006 ஜூன் 21 என்ற தேதியைப் பார்த்து மிரண்டவர்கள் ஏராளம். விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட்டின் டிரைவர்கள், நேற்று எழுதியவையாக இருந்தாலும், அந்தத் தேதியைத்தான் தாங்கி வருகின்றன. காரணம் இருக்கிறது. பொருத்தம் சமமாக இருக்கும் இரண்டு டிரைவர்களில் தேதி புதியதாக உள்ளதை விண்டோஸ் தேர்ந்தெடுக்கும். தயாரிப்பாளர் கொடுத்த டிரைவரை மைக்ரோசாஃப்ட்டின் பொது டிரைவர் முந்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பழைய தேதி. இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போய், தன் சிப்செட் கோப்புகளுக்குக் கம்பெனி பிறந்த 1968 ஜூலை 18-ஐயே தேதியாகப் போட்டது. தேதியை மட்டும் பார்த்துக் "காலாவதி" என்று காசு கேட்கும் மென்பொருளை நம்பி, கணினியின் மையத்தில் இயங்கும் கோப்புகளை மாற்றக் கொடுப்பது ஆபத்து.

ஸ்னாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஆரிஜின் போன்ற இலவச, திறமூலக் கருவியை இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். இணையமே இல்லாமல் நாள் முழுக்கக் கணினிகளைப் பழுதுபார்ப்பவருக்கு அது நல்ல துணை. வீட்டில் ஒரே ஒரு லேப்டாப் வைத்திருப்பவருக்கு அத்தனை ஜிகாபைட் டிரைவர் மூட்டை எதற்கு?

பிரிண்டர்: டிரைவரே இல்லாத வழி

பிரிண்டரில் போட்டி வேறு மாதிரி. தயாரிப்பாளரின் முழு மென்பொருளா, பல பிரிண்டர்களுக்கும் பொதுவான, விண்டோஸின் ஐபிபி கிளாஸ் டிரைவரா என்பதுதான் கேள்வி. 2010-இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வந்தது. 2013-இல் கேனான், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. அதிலிருந்து தனி டிரைவர் இல்லாமலேயே ஃபோனிலிருந்து அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்ட்டும் தயாரிப்பாளர்களின் தனித்தனிப் பிரிண்டர் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை அறிவித்தது. மோப்ரியா முத்திரையுள்ள வைஃபை பிரிண்டர் என்றால் ஐபிபி வழியே என் தேர்வு. இங்க் அளவு, ஹெட் கிளீனிங் போன்றவை அதில் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். அவை வேண்டுமானால் மட்டும் தயாரிப்பாளரின் மென்பொருளைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி எட்டாத பிரிண்டர்கள்தான் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன: ஹெச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900. பக்கத்தை வடிவமைக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் வகை இவை. 1020-க்கு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையே கணினிதான் அனுப்ப வேண்டும். ஆகவே தயாரிப்பாளரின் டிரைவர் கட்டாயம். இவற்றில் அடிக்கடி வரும் கோளாறு டிரைவரில் இல்லை, போர்ட்டில் இருக்கிறது. கேபிளை வேறு யூஎஸ்பி துளையில் செருகியதும் விண்டோஸ் அதே பிரிண்டருக்கு "காப்பி 1" என்று இன்னொரு பதிவை உண்டாக்கிவிடும். நீங்கள் அனுப்பும் பக்கங்கள் பழைய பதிவில் போய்த் தேங்கும். டிரைவரை அழித்துப் போடும் முன் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். புதிதாகப் போடும்போது, நிறுவி கேட்கும்வரை கேபிளைச் செருகாமல் இருப்பதும் முக்கியம்.

புதிய டிரைவரே எதிரியாகும் இடமும் ஒன்று உண்டு. மின்னணுப் பயிற்சிக்குப் பயன்படும் ஆர்டுயினோ போர்டுகளிலும் சீரியல் கேபிள்களிலும் இருக்கும் யூஎஸ்பி மாற்றிச் சிப்கள் அவை. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த, எஃப்டிடிஐ என்ற சிப் கம்பெனியின் டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. இன்னொரு சிப் கம்பெனியான புரோலிஃபிக்கின் புதிய டிரைவர்களும் பழைய பிஎல்2303 சிப்களை ஏற்க மறுக்கும். வாங்கியவருக்கு உள்ளே இருப்பது போலியா அசலா என்று தெரிய வழியே இல்லாதபோது தண்டனை அவர் தலையில் விழுவது அநியாயம். மலிவான போர்டு வாங்கும் மாணவர்கள் சிஹெச்340 சிப் என்று வெளிப்படையாகப் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தால், அதற்கான டிரைவர் தயாரிப்பாளரிடமிருந்தே நேராகக் கிடைக்கும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த நான்கைவிட நம்பகமான ஐந்தாவது இடம் ஒன்று இருக்கிறது: இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் அதே கணினி. விண்டோஸிலேயே இருக்கும் பிஎன்பியுடில் என்ற கட்டளைக் கருவியின் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதி, வெளியிலிருந்து போட்ட எல்லா டிரைவர்களையும் ஒரு ஃபோல்டரில் எடுத்துக் கொடுத்துவிடும். ஃபார்மட் செய்வதற்கு முன் அதைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் முக்கோணம் விழுந்த சாதனத்துக்கு "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்" கொடுத்து, துணை ஃபோல்டர்களையும் தேடச் சொல்லி அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். டிரைவர்களோடு வந்த தனிச் செயலிகள் இதில் வராது, அவற்றைத் தனியாகத்தான் போட வேண்டும். கிராஃபிக்ஸை மட்டும் இதிலிருந்து எடுக்காமல் சிப் கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.