காரைக்குடியில் பொருத்திக்கொண்ட செயற்கைக் கால்: ஒரு பட்டறையின் மதிப்புரை

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் செயற்கைக் கால் வேண்டுமென்றால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும் என்பது எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் பலருடைய எண்ணம். காரைக்குடியிலேயே உள்ள ஒரு சிறிய பட்டறையில் நான் என் இடது காலைப் பொருத்திக்கொண்டேன். என்னுடைய விபத்து இழப்பீட்டு வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீட்டில் இருக்கிறது. அந்தப் பட்டறையின் நிபுணர் அதே வழக்கில் சாட்சி சொன்னவர். ஆகவே பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. வேறு எந்தப் பட்டறைக்குப் போகிறவர்களும் எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை செய்தவன் நான். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, கல்லைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, பிறகு வெயிலில் அடுக்குவது வரை எல்லாமே கையாலும் காலாலும் நடக்கிற வேலை. திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் ஏறி வந்த கார் என் இருசக்கர வாகனத்தில் மோதியதில் கால் நசுங்கிப்போனது.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே மாவுக்கட்டுத் துணியால் அச்சு எடுப்பதற்கு முன்பே நிபுணர் நீண்ட நேரம் பேசினார். எந்த வீட்டில் இருக்கிறேன், வாசலில் எத்தனை படி, கோயிலுக்குப் போவதுண்டா, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செருப்பின் குதிகால் உயரத்தை வைத்துத்தான் செயற்கைக் காலின் சாய்மானத்தை அமைக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்விகளுக்கு முக்கியத்துவம் உண்டு. ஷூவுக்கென்று அமைத்த காலோடு வெறுங்காலில் நடந்தால் குதி தாழ்ந்து, முழங்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சமதரையிலேயே மேடு ஏறுவதுபோல் இருக்கும். முகப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வளவுக்குள், அதாவது வீட்டின் உள்கட்டுக்குள், நுழைகிற ஊரில், பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடி மலைக்கும் வெறுங்காலோடு போகிற மக்களுக்கு, வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அமைக்கிற கால் உதவாது. எனக்கு வெறுங்காலுக்கும் மெல்லிய செருப்புக்கும் பொதுவாக அமைத்துத் தந்தார்கள். வளவின் உயரமான நிலைப்படிகளை இப்போது சுவரைப் பிடிக்காமல் தாண்டுகிறேன். ஈரமான ஆத்தங்குடித் தரையில் மட்டும் இன்னும் பயம் இருக்கிறது. அந்தக் கல்லின் வழுவழுப்பை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

சாக்கெட், அதாவது எஞ்சிய காலைச் செருகும் கூடு, சரியாகப் பொருந்துவதற்கு அவர்கள் காட்டிய பொறுமையை மனமாரப் பாராட்டுகிறேன். உடலின் எடை பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரின் மேல் இறங்க வேண்டுமே தவிர, வெட்டப்பட்ட எலும்பின் நுனியில் இறங்கக் கூடாது. நடக்கவிட்டு, கழற்றி, தோல் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் தேய்த்து, மறுபடி நடக்கவிட்டார்கள். அறுத்த காலின் எஞ்சிய பகுதி முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை சுருங்கிக்கொண்டே இருக்கும், அதனால் முதல் சாக்கெட் நிலையானது அல்ல என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். தளர்வு தெரிந்தால் எஞ்சிய காலில் எத்தனை துணி உறை கூடுதலாகப் போட வேண்டும், எந்தக் கட்டத்தில் உறையால் பயனில்லாமல் புது அச்சு எடுக்க வேண்டும் என்பதையும் என் மனைவியை அருகில் வைத்துக்கொண்டே விளக்கினார்கள். இல்லாத பாதத்தில் இரவில் எழும் வலியைப் பற்றிச் சொன்னபோது அதைக் கற்பனை என்று தள்ளாமல் மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

குறைகளும் உண்டு. பட்டறை மாடியில் இருக்கிறது; கைப்பிடி ஒரு பக்கம்தான். கால் இல்லாதவர்கள் மட்டுமே வந்துபோகும் இடத்தைத் தரைத்தளத்துக்குக் கட்டாயம் மாற்ற வேண்டும். தோலுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே அணியும் மெத்தென்ற சிலிக்கோன் லைனர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருப்பதால் கிழிந்தால் காத்திருக்க நேர்கிறது. சித்திரை வெயிலில் அந்த லைனருக்குள் வியர்வை தேங்கி, நண்பகலில் ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் தோல் புண்ணாகிவிடும் என்பதை அவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு அமைத்தது உலோகக் குழாயும் லைனரும் கொண்ட கால். அவர்கள் வாங்கிய தொகை 85,000 ரூபாய். ஜெய்ப்பூர் காலோடு இதை ஒப்பிட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெய்ப்பூர் கால் ரப்பரால் ஆன பாதத்தைக் கொண்டது; வெறுங்காலோடு நடக்கவும், குந்தி உட்காரவும், தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கவும் என்றே உருவாக்கப்பட்டது. 1975 இல் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனம் அதை இலவசமாகவே பொருத்துகிறது. வயல் வேலைக்குத் திரும்புகிறவர் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். சிவகங்கை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து அரசு வழியாகவும் செயற்கைக் கால் பெற முடியும். கையில் பணம் இல்லை என்பதற்காக எவரும் கால் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. காலுக்கான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இந்தப் பட்டறையை நான் உயர்வாக மதிப்பதற்குக் காலைவிடப் பெரிய காரணம் அவர்கள் கொடுத்த காகிதங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166 ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தில் அது கேள்விக்குள்ளாகியிருந்தாலும், அதை நம்பித் தாமதிப்பது நல்லதல்ல. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எஞ்சிய கால் சுருங்கி முடிந்திருக்காது. இரண்டாவது சாக்கெட்டுக்கு ரசீது இருக்காது. பாதத்தையும் லைனரையும் மாற்றியிருக்கவே மாட்டோம். கையில் இருப்பது முதல் காலின் ரசீது ஒன்றுதான். அதை மட்டும் இணைத்தால், வாழ்நாள் முழுவதும் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிய ஒரு பொருளுக்கு ஒரே ஒரு தடவைக்கான விலைதான் கணக்கில் ஏறும்.

என் நிபுணர் கேட்காமலேயே முத்திரையிட்ட தாளில் எழுதித் தந்தார்: சாக்கெட்டை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பாதம் எவ்வளவு காலம் உழைக்கும், லைனருக்கு ஆண்டுக்கு என்ன செலவு, பழுதுபார்க்க என்ன ஆகும் என்று தனித்தனியாக, அன்றைய விலையோடு. முகமது சபீர் வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செயற்கைக் காலை மாற்றும் செலவையும் பராமரிக்கும் செலவையும் தனியே கணக்கிட்டு வழங்கியது. என் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பை முன்வைத்தபோது, எங்களிடம் அதற்கேற்ற ஆவணம் இருந்தது. காப்பீட்டு நிறுவனத் தரப்பு இந்த மதிப்பீட்டைக் குறுக்கு விசாரணையில் அசைத்துப் பார்த்தபோது நிபுணர் கூண்டில் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

அவர் செய்த இன்னொரு உதவி என் தொழிலைப் பற்றியது. மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் ஊனம் 60 விழுக்காடு என்று இருக்கிறது. ஆனால் உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் – அஜய் குமார் வழக்கில் 2010 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்த எழுத்தரின் நிலையும் தச்சரின் நிலையும் வேறு என்பது அங்கே காட்டப்பட்ட உதாரணம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000 ரூபாய். இழப்பீடு கணக்கிட ஆண்டு வருமானத்தை எந்த எண்ணால் பெருக்குவது என்று வயதுவாரியாகச் சொல்லும் உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 15. ஆண்டு வருமானத்தை அதனால் பெருக்கினால் 37,80,000 ரூபாய் வரும். திறன் இழப்பு 60 விழுக்காடு என்று ஏற்கப்பட்டால் அவருக்குக் கிடைப்பது 22,68,000. வேலையே செய்ய முடியாது என்று நிறுவப்பட்டால் முழுத்தொகையும் கிடைக்கும். ஈரக் கல்லைத் தூக்கிக்கொண்டு தொட்டி விளிம்பில் நிற்பது இந்தக் காலால் ஏன் முடியாது என்று நிபுணர் விளக்கியதும், கூலிச் சீட்டு இல்லாத எனக்காகத் தரைக்கல் பட்டறை முதலாளி அண்ணன் கூலிப் பேரேட்டைக் கொண்டுவந்து காட்டியதும்தான் என் கணக்கைத் தாங்கி நிற்கின்றன.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அழைத்தால் போகலாம், ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், காலை மாற்றும் செலவு அந்தத் தொகைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

செயற்கைக் கால் பட்டறை எதற்குப் போனாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் மாற்றுச் செலவு மதிப்பீட்டை எழுத்தில் தருவார்களா, தேவைப்பட்டால் தீர்ப்பாயத்துக்கு வந்து சொல்வார்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். என்னுடைய முதல் சாக்கெட் இப்போது தளர்ந்துவிட்டது. இரண்டாவதற்கும் இதே பட்டறையில்தான் அச்சுக் கொடுத்திருக்கிறேன்.