கம்பியா, அலைனரா? காபி குடிப்பவரின் கணக்கு

பல் வரிசையைச் சீர்செய்யப் போகிறவர்கள் முதலில் கேட்பவை நான்கு கேள்விகள். வலிக்குமா? எத்தனை மாதம் ஆகும்? நல்ல பல்லைப் பிடுங்குவார்களா? இந்த வயதில் செய்துகொள்ளலாமா? நானும் இவற்றைத்தான் கேட்டேன். ஆனால் உலோகக் கம்பியா, பல்லின் மேல் உறைபோலக் கழற்றி மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் அலைனரா என்று முடிவெடுக்க இந்த நான்கில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. இரண்டுக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றேதான்.

கம்பியை முடுக்கிய பிறகும் சரி, அடுத்த அலைனருக்கு மாறிய பிறகும் சரி, மூன்று நான்கு நாட்களுக்குக் கடித்தால் வலிக்கும், பிறகு அடங்கிவிடும். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக வளர்ந்தால்தான் பல் நகரும். மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்பது அதன் வேகம். எந்தக் கருவியைப் போட்டாலும் எலும்பு தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். தாடையில் இடம் போதாவிட்டால் பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப் பல்லை எடுப்பார்கள். கொஞ்ச இடமே தேவையென்றால் பற்களின் பக்கவாட்டில் மிக மெல்லியதாக இழைத்தும் சமாளிப்பார்கள். வயதைப் பொறுத்தவரை, ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் மேல்வரம்பு இல்லை. தாடை வளர்ச்சியையே திருத்த வேண்டிய பிள்ளைகளுக்கு மட்டும் காலம் முக்கியம். பல் வரிசையைச் சீர்செய்யும் சிறப்பு மருத்துவர்களான ஆர்த்தோடான்டிஸ்டுகளின் அமெரிக்கச் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்வது அதற்காகத்தான்.

நான் முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு உலோகக் கம்பி போட்டு முடித்தவன். மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல், கீழ்வரிசையில் நெரிசல். அண்ணன் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் அலைனர் போட்டிருக்கிறாள். அலைனரைப் பற்றி நான் சொல்வதில் அனுபவப் பகுதியெல்லாம் அவளைப் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கம்பியின் பக்கம்.

வேறு வகைகளும் உண்டு. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடிப்புக்குப் பெயர் பிராக்கெட். பீங்கானில் செய்தது பல்லின் நிறத்திலேயே இருக்கும், ஆனால் அதைச் சுற்றிப் போடும் ரப்பர் வளையம் நம் குழம்பின் மஞ்சளை வெகு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். உலோகத்தைவிட எளிதில் உடையவும் செய்யும். பல்லின் உட்புறம் ஒட்டும் கம்பி யார் கண்ணுக்கும் தெரியாது. நாக்குக்கு மட்டும் நன்றாகத் தெரியும். விலையும் அதிகம், அதைச் செய்யப் பழகிய மருத்துவர்களும் குறைவு. ரப்பர் வளையம் இல்லாமல் தானே பூட்டிக்கொள்ளும் பிராக்கெட் சீக்கிரம் வேலையை முடிக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மொத்தக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் காணவில்லை. ஆகவே எனக்கு முன் நின்றவை இரண்டுதான்.

தோற்றத்தில் அலைனருக்கே வெற்றி. பல் நிறத்தில் சின்னச் சின்னப் புடைப்புகளைச் சில பற்களில் ஒட்டுவார்கள் என்றாலும் எதிரில் இருப்பவர் கவனிக்கமாட்டார். பல் துலக்கவும் அலைனர்தான் வசதி. கழற்றி வைத்துவிட்டு வழக்கம்போலத் துலக்கலாம். முறுக்கு, கரும்பு என்று எதையும் விலக்க வேண்டாம். கம்பி குத்துகிறது, பிராக்கெட் பிய்ந்துவிட்டது என்று மருத்துவமனைக்கு ஓடவும் தேவையில்லை. பணத்தில் மட்டும் கம்பி முந்தும். எனக்கு ஐம்பதாயிரத்துக்குள் முடிந்தது. அண்ணன் மகளுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் இது மாறும்.

எண்ணிக்கை போட்டால் அலைனர்தான் முன்னால் நிற்கிறது. ஆனாலும் நான் கம்பிக்குப் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: அலைனர் வாயில் இருக்க வேண்டிய நேரம்.

ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் அது பல்லின் மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு அலைனரும் ஒரு பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும்படி செய்யப்பட்டது. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று அடுத்ததற்கு மாற வேண்டும். நேரம் குறைந்தால் பல் சொன்ன இடத்துக்குப் போயிருக்காது. அடுத்த அலைனர் சரியாக உட்காராது. அதைப் போட்டுக்கொண்டு குடிக்கக்கூடியது சாதாரணத் தண்ணீர் மட்டும். சூடான பானம் பிளாஸ்டிக்கை வளைத்துவிடக்கூடும், காபியும் டீயும் கறையாக்கும். சர்க்கரை கலந்தது உள்ளே புகுந்தால், எச்சில் வந்து கழுவ வழியில்லாமல், பல்லை ஒட்டியே தேங்கி நிற்கும். சொத்தைக்கு அதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம். சாப்பிட்டபின் துலக்காமல் மாட்டினாலும் அதே கதைதான்.

இப்போது என் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் ஒரு காபி. எட்டரைக்கு இட்லி, அதன் தலையில் இன்னொரு காபி. பதினொன்றுக்கு அலுவலகத்தில் டீ. ஒன்றரைக்குச் சாப்பாடு. நான்கு மணிக்கு மறுபடி டீ, கூடவே யாராவது வாங்கி வந்த வடை. இரவு உணவு. கழற்றி, கொறித்து, குடித்து, வாய் கொப்பளித்து, துலக்கி, மாட்ட, டீக்குக் கால் மணி நேரமும் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடமும் வையுங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலேயே மூன்று மணி நேரத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. 22 மணி என்பது அங்கேயே முடிந்தது. 20-க்குக் கீழே விழாமல் இருக்க மிச்சம் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். டீ முடிந்து குழாயடிக்குப் போவதற்குள் மேலாளர் கூப்பிட்டால், ஒரு தொலைபேசி நீண்டால், அந்த ஒரு மணி நேரமும் சட்டைப் பைக்குள் இருக்கும் டப்பாவில் போய்விடும். கல்யாண வீட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதற்குக் குறைவாகக் காபி குடித்தால் போயிற்று என்பீர்கள். அண்ணன் மகள் அதைத்தான் செய்தாள். நாளைக்கு இரண்டோடு நிறுத்திவிட்டாள், அதையும் சாப்பாட்டோடு சேர்த்தே குடித்துவிடுகிறாள். கழற்றும்போதெல்லாம் கைப்பேசியில் நேரம் வைக்கிறாள். கைப்பையில் டப்பா, பிரஷ், பற்பசை எப்போதும் இருக்கும். இவ்வளவு கவனக்காரியே ஒரு பந்தியில் அலைனரை டிஷ்யூவில் மடித்து வைத்து, அது இலையோடு போய்விட்டது. மருத்துவர் முந்தைய அலைனரையே மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லி, புதியது வரும்வரை பல்லைப் பிடித்து நிறுத்தினார். பழைய அலைனர்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அவளுக்கு வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் அதை நடத்துவது அவள்.

என் வாயில் அந்தப் பொறுப்பு கம்பியுடையது. முதல் மாதங்களில் போடுவது நிக்கல்-டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவான அந்த உலோகக் கலவை 1970-களில் பல் மருத்துவத்துக்கு வந்தது. கோணலான பற்களுக்கு ஏற்ப வளைத்துக் கட்டினால், தன் பழைய வளைவுக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். லேசான, இடைவிடாத இழுப்பு. நான் டீ குடித்தாலும் தூங்கினாலும் மறந்துபோனாலும் அது நிறுத்தாது. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்தால் போதும். என்னைப் போன்ற சோம்பேறிக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடைக்காது.

முழுக்கச் சோம்பேறியாக இருக்கவும் விடமாட்டார்கள். மேல் கீழ் வரிசைகள் சரியாகக் கடிபட, கடைசிக் கட்டத்தில் மேல் கோரைப்பல்லிலிருந்து கீழே மாட்டும் சிறிய ரப்பர் வளையங்களைக் கொடுத்தார்கள். அவற்றை நாமே மாட்ட வேண்டும், சாப்பாட்டுக்குக் கழற்ற வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். அந்தச் சில மாதங்களில் அண்ணன் மகளின் நிலை எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கம்பியின் பராமரிப்பு வேறு இடத்தில் கழுத்தைப் பிடிக்கும். கீரையும் தேங்காய்த் துருவலும் பிராக்கெட்டைச் சுற்றிக் குடியேறிவிடும். ஒவ்வொரு இரவும் சாதாரண பிரஷ் போக, கம்பிக்கு அடியில் நுழையும் குச்சி பிரஷ்ஷும் வேண்டும். சரியாகத் துலக்காவிட்டால் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் தங்கிவிடும். அவை முழுதாகப் போவது அரிது. ஃபுளோரைடு கலந்த பற்பசையை விட்டுவிடாதீர்கள். முதல் வாரங்களில் உதட்டின் உட்புறம் புண்ணாகும், அதற்கு மெழுகு தருவார்கள். சீடை, கரும்பு, கடலை மிட்டாய், ஆட்டெலும்பு எல்லாவற்றுக்கும் விடுமுறை. கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கித்தான் தின்ன வேண்டும். எனக்கு இவை அலைனர் கேட்கும் ஒழுங்கைவிட எளிதாக இருந்தன. இரவில் ஒருமுறை பத்து நிமிடம் பாடுபடுவது என்னால் முடியும். பகலில் ஆறு முறை நினைவு வைத்திருப்பது முடியாது.

அலைனரே பொருத்தம் என்று நான் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். நெரிசலோ இடைவெளியோ சிறிதளவே உள்ளவர்கள். உதட்டைப் பல்லோடு அழுத்தி நாதஸ்வரம் போன்ற வாத்தியம் வாசிப்பவர்கள். கபடி போல மோதி ஆடுபவர்கள் (அவர்கள் பல்லுக்குக் காப்பு அணிவது எப்படியும் நல்லது). காபி, டீ பழக்கமே இல்லாதவர்கள்; அப்படிப்பட்ட தமிழர்கள் சிலரை எனக்குத் தெரியும். பல் பிடுங்கிய பெரிய இடைவெளியை மூடுவது, கோரைப்பல்லை வெகுவாகத் திருப்புவது போன்றவற்றுக்குப் பொதுவாகக் கம்பியே நம்பகமானது. உங்கள் வாய்க்கு இரண்டும் சாத்தியமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பி.டி.எஸ். முடித்தபின் இதற்கென மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவரிடம் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்கிறார்கள். செலவு குறையும், காத்திருக்கும் நேரம் கூடும்.

மருத்துவரை நேரில் பார்க்காமலே தபாலில் அலைனர் வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அப்படி விற்றுவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. பாதி வழியில் இருந்தவர்கள் வேறு மருத்துவரைத் தேட வேண்டியதாயிற்று.

எதில் முடித்தாலும் பிறகு பல்லைப் புதிய இடத்திலேயே பிடித்து நிறுத்தும் ரிட்டெய்னர் உண்டு. நகர்ந்த பல் பழைய இடத்தை நோக்கித் திரும்பப் பார்க்கும். எனக்குக் கீழ் முன்பற்களின் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். மேல்வரிசைக்கு இரவில் மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். கழற்றி மாட்டிப் பழகிய அண்ணன் மகளுக்கு இந்தக் கட்டம் என்னைவிடச் சுலபமாக இருக்கும் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தை மொத்தமாகக் கட்டாமல் தவணையில் கட்டுங்கள். ரிட்டெய்னரின் விலை முதலில் சொன்ன தொகைக்குள் வருமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். மாற்றல் வரக்கூடிய வேலையென்றால் எக்ஸ்ரே, பல் அச்சு, சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றின் நகல்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பாதியில் விட்ட கம்பியை எடுத்து முடிக்கப் பல மருத்துவர்கள் தயங்குவார்கள்.