கும்மிப் பாட்டுக்கு மைக் செட்: வேலூர் வாடகைக் கடை ஒன்றின் விமர்சனம்

காட்பாடி சாலைப் பக்கத்துக் கடை ஒன்றின் சின்ன செட் இது. இரண்டு பாக்ஸ், ஆறு சேனல் மிக்சர், வயர் மைக் நான்கு, கார்ட்லெஸ் ஒன்று, ஆபரேட்டர். ஆப்கான், ஈரான் பெண்களுக்கு ஆதரவாக இருபது பெண்கள் பாடிய கும்மிக்கு எடுத்தது. பேட்டரி தவிர பொருளுக்கு முழு மதிப்பெண், ஆபரேட்டருக்குப் பாதி.

கல்யாண செட்டிங் இதற்கு ஆகவே ஆகாது. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு ஆண்கள் முன்னால் பெண் தனியாகப் பாடத் தடை. கோரஸில் கலந்து பாடினால் விட்டுவிடுவார்கள். அந்நாட்டுப் பாடகி பரஸ்தூ அஹ்மதி 2024 டிசம்பரில் முக்காடில்லாமல் தனியாகப் பாடி யூடியூபில் போட்டதும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆப்கானில் தாலிபானின் 2024 ஆகஸ்ட் சட்டம் பொது இடத்தில் பெண் பாடுவதையே குற்றமாக்கியது. பெண்கள் செல்போனில் பாடிப் பரப்பித்தான் பதில் கொடுத்தார்கள். அதனால் இந்த மேடையில் முன்பாட்டுக்காரியின் குரல் கோரஸுக்குள் கரைந்தால் பாட்டே வீண்.

கரைய வைப்பது எக்கோ. சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் எக்கோவையும் பேஸையும் ஏற்றியே வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாக எக்கோவை முழுக்க அணைக்கச் சொல்லுங்கள். மிக்சரில் அடி ஒலியை வெட்டும் லோ கட் பட்டனை அழுத்தலாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெண் குரலில் இழக்க ஒன்றுமில்லை. பாக்ஸ் சத்தம் மைக்கில் திரும்பப் புகுந்து கூவல் வந்தால் ஆபரேட்டர் உடனே ட்ரெபிளைக் குறைப்பார். விடாதீர்கள். சகரமும் டகரமும் தெளிவது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸில்தான், அதை வெட்டினால் சொல் போய்விடும். பாக்ஸ் இரண்டையும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்க்கத் தள்ளி வைத்தாலே கூவல் பெரும்பாலும் நிற்கும்.

கும்மியில் இன்னொரு சிக்கல், ஆட்கள் சுற்றுவது. ஓரத்தில் நட்ட மைக்கில் குரல் வந்து வந்து போகும். ஸ்டாண்ட் நான்கையும் வட்டத்தின் நடுவில், நாலு திசை பார்க்க, வாய் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். மார்பளவில் வைத்தால் கைத்தட்டல்தான் பாட்டை மூடும். கார்ட்லெஸ் முன்பாட்டுக்கு மட்டும், கோரஸைவிடத் தெளிவாக ஒரு படி மேலே.

ஆப்கானின் பஷ்தூன் பெண்கள் பாடும் லண்டை என்ற குறும்பாட்டு இந்த அமைப்பில் அருமையாக நின்றது. இரண்டே அடி, பஷ்தோ மொழியில் முதலடி 9 அசை, அடுத்தது 13. பாட்டைக் கட்டியவள் பெயர் இராது, அதுவே அவளுக்குக் காப்பு. தமிழாக்கத்தில் குட்டை அடியை ஒருத்தி எடுக்க, நீண்ட அடியில் இருபது பேரும் சேர்ந்தார்கள். அந்த இடத்தில் கோரஸ் மைக்கை ஆபரேட்டர் கையால் ஏற்ற வேண்டும். இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பாட்டு கெட்டது. பாட்டுத்தாளில் ஏற்றும் இடத்தைச் சிவப்பில் குறித்துக் கொடுங்கள், பக்கத்தில் ஒருத்தி நிற்கட்டும்.

திறந்த வெளியென்றால் போலீஸ் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். கார்ட்லெஸுக்குப் புது பேட்டரி நீங்களே கொண்டுபோங்கள். கடையில் கொடுத்தது முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.