தஞ்சாவூர் அரண்மனை: ஒரே வளாகம், நான்கு வாசல்

பெரிய கோயிலைப் பார்த்து முடித்துவிட்டு, ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று அரண்மனைக்குள் நுழைபவர்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேர் "பழைய கட்டடம், வேறொன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே வெளியே வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கீழராஜ வீதியிலிருந்து உள்ளே போனதும் கண்ணில் படுவது வெட்டவெளி முற்றமும் காரை பெயர்ந்த சுவர்களும்தான். பார்க்க வேண்டியவை தனித்தனிக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றை நடத்துவதும் ஒருவரில்லை. கலைக்கூடம் ஒரு நிர்வாகம், சரசுவதி மகால் நூலகம் இன்னொன்று. மராட்டா தர்பார் மண்டபம் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. அரச குடும்பத்தார் தங்கள் பகுதியில் ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ஒரு சீட்டு வாங்கினால் எல்லாக் கதவும் திறக்கும் என்று எண்ண வேண்டாம். எந்தெந்தப் பகுதிக்கு இது செல்லும் என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள். நூலகமும் அதன் அருங்காட்சியகமும் புதன்கிழமை விடுமுறை. தஞ்சைக்கு ஒரே ஒரு நாள்தான் என்றால் அது புதனாக இருக்கக் கூடாது. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறக்கிறது, மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. பெரிய கோயிலும் நண்பகலுக்கு மேல் நடை சாத்திவிடுவதால், விடியற்காலையில் கோயில், 10 மணிக்கு நூலகம், பிறகு கலைக்கூடம் என்ற வரிசைதான் ஒத்துவரும். மாற்றிச் செய்தால் உச்சி வெயிலில் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

இந்த வளாகத்தின் உயிர் நூலகம்தான். நாயக்கர் காலத்தில் அரண்மனை ஏட்டுச் சேமிப்பாகத் தொடங்கி, 1670களில் வந்த போன்சலே வம்ச மராட்டியர் கையில் வளர்ந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் அளவுக்கு அதைப் பெருக்கியவர் இரண்டாம் சரபோஜி (1798–1832). 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும், வருவாயில் ஒரு பங்கும், கை நிறைய நேரமும். படையெடுக்க வழியில்லாத மன்னர் புத்தகம் வாங்கினார். காசி யாத்திரையில் சுவடிகள் திரட்டினார், ஐரோப்பாவிலிருந்து மருத்துவமும் தாவரவியலும் வரவழைத்தார், அரண்மனைக்குள்ளேயே தேவநாகரி அச்சகம் வைத்தார். வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களில் அவர் கையெழுத்து இன்றும் இருக்கிறது. 1918-இல் குடும்பத்தார் நூலகத்தைப் பொதுமக்களுக்கு என்று விட்டுக்கொடுத்தார்கள்.

சுவடிகள் மட்டும் சுமார் 49,000. அவற்றில் பெரும்பகுதி, ஏறக்குறைய 39,000, சமஸ்கிருதம். தமிழ் 3,500-க்குச் சற்றுக் குறைவு. மீதியில் மராத்தியும் தெலுங்கும் உண்டு. தமிழ்ச் சுவடிக் கடல் என்று நினைத்து வருபவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

சுற்றுலா வருபவருக்கு இந்தச் சேமிப்பு திறக்காது. திறப்பது அதையொட்டிய சிறு அருங்காட்சியகம் மட்டுமே. இடம் குறுகல். உள்ளே படம் எடுக்கத் தடை. அவசரமாக நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நின்று பார்த்தால் ஒரு மணி நேரமும் போதாது. மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் லெ புரூனின் படங்களைத் தவறவிடாதீர்கள். ஆந்தை மூக்கு மனிதரைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை கிடையாது. அதே குழந்தையைச் சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களின் பக்கம் நிற்க விடாமல் நகர்த்திவிடுவது நல்லது. 1784 பதிப்பான ஜான்சன் ஆங்கில அகராதி, படங்களோடு கூடிய ஏடுகள், பொடி எழுத்தில் எழுதிய சிற்றோலைகள் என்று மற்றவை. குறை என்னவென்றால், விளக்கச் சீட்டுகள் மிகச் சுருக்கம். இது எந்த எழுத்து, எந்த ஓலை, எப்படி எழுதினார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

அதனால் ஓலையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். எழுத்தாணியால் வெறுமனே கீறினால் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கீறலில் விளக்குக் கரியை எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்து, மேலே துடைத்தால்தான் எழுத்து கறுத்து நிற்கும். ஓலை காய்ந்தால் ஒடியும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், சும்மா கிடந்தால் பூச்சி துளைக்கும். இங்கே வழிவழியாக வந்த கைவைத்தியம் ஒன்று உண்டு: வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை இவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணி முடிச்சாகக் கட்டி அலமாரியில் வைப்பது. வாசனை போனதும் முடிச்சை மாற்ற வேண்டும். ஓலையின் நெகிழ்வுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிறார்கள்.

ஆய்வுக்கு வருபவர்கள் வெறுங்கையோடு வந்தால் ஒரு நாள் வீண். அடையாள அட்டை, நெறியாளர் அல்லது நிறுவனத்தின் கடிதம், இவற்றோடு சுவடி எண்ணும் தேவை. சமஸ்கிருதச் சுவடிகளுக்கு இரண்டு எண்கள் புழக்கத்தில் உள்ளன: தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் 1880-இல் வெளியிட்ட பட்டியலின் எண் ஒன்று, பிறகு பல தொகுதிகளாக வந்த விளக்க அட்டவணையின் எண் இன்னொன்று. பழைய கட்டுரையில் பார்த்த எண் எந்தப் பட்டியலுடையது என்று குறிக்காமல் வந்து, வேறு சுவடியைக் கேட்டு வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்தது எழுத்து. சமஸ்கிருதம் படித்தவர் என்றாலும் கிரந்தமோ நந்திநாகரியோ தெரியாவிட்டால் சுவடி கைக்கு வந்தும் பயனில்லை. அரண்மனைக் கணக்குகள் மோடி என்ற பழைய மராத்திக் கூட்டெழுத்தில் இருக்கின்றன. மராத்தி தெரிந்தவர்களே அதைப் படிக்கத் தடுமாறுவார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது, முதலில் அதைப் புரட்டிவிட்டு வரலாம்.

கலைக்கூடம் 1951-இல் தொடங்கியது. செப்புத் திருமேனி என்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம்தான் என்பவர்கள் இங்கே வந்து ஒருமுறை பார்க்க வேண்டும். திருவெண்காட்டுப் புதையலில் கிடைத்த ரிஷபவாகன தேவர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், இங்கேதான் இருக்கிறார், காலம் 1011. பக்கத்தில் காளை கிடையாது. இல்லாத காளையின் மேல் கை சாய்த்து நிற்கும் அந்த ஒயிலைப் பார்த்த பிறகு காளை தேவையில்லை என்று தோன்றும். அதே ஊர்க் கல்யாணசுந்தரரையும் பிட்சாடனரையும், தாராசுரத்துக் கல் சிற்பங்களில் கஜசம்ஹாரரையும் தேடிப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டியில் வெளிச்சம் திரும்பி அடிக்கும், நேர் எதிரே நிற்காமல் சற்று ஓரமாக நின்றால் முகம் தெளிவாகத் தெரியும். நாயக்கர் தர்பாரில் கைகூப்பி நிற்கும் சரபோஜியின் சலவைக்கல் சிலை, இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் செய்தது.

மராட்டா தர்பாரின் வண்ணத் தூண்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். கோபுரங்களில் ஏற விடுவது நாளைப் பொறுத்தது. படிகள் செங்குத்து, இருட்டு, முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இந்த வளாகத்தில்தான் கிடக்கிறது, பிள்ளைகள் இதற்காகவே வருவார்கள். அரச குடும்பத்து அருங்காட்சியகத்தை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.

நூலகத்தின் விற்பனைப் பிரிவை மட்டும் தவிர்க்காதீர்கள். சுவடிகளிலிருந்து பதிப்பித்த வைத்திய முறைகள், அரண்மனைச் சமையல் குறிப்புகள், இசை, நாடக நூல்கள் வேறு கடைகளில் எளிதில் கிடைக்காதவை, விலையும் குறைவு. தாள் தரமும் கட்டும் சுமார்தான். வாங்கும்போதே பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளைக்கு முன்னால் போங்கள், கையில் சில்லறையும் இருக்கட்டும்.